தூசியென்று அணைத்த தீபம்

என் வேலை தூசி எடுப்பது. வீட்டுத் தூசி இல்லை. அதை எடுக்கச் சொன்னால் எனக்கு உடனே முதுகு வலிக்கும். நான் எடுத்தது நெகடிவிலும் போட்டோவிலும் உட்கார்ந்த தூசி. ஸ்டூடியோவில் இதற்கு ‘டச்சிங்’ என்று பெயர். கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தேன். கடைசிக் காலத்தில் ஒரு கலர் லேபில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஸ்கேன் செய்த படங்களுக்கும் அதே வேலையைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன்.

போன மாதம் அந்த லேபுக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். அங்கிருந்த பெண்கள் ஒரு பழைய குடும்பப் படத்தை ஸ்கேன் செய்து, ஏதோ ஒரு பட்டனைத் தட்டினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் தூசி மொத்தமும் போய்விட்டது. கூடவே படத்திலிருந்த அம்மாவின் மூக்குத்தியும் போய்விட்டது! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“இன்னாக்கா, ஒரு மூக்குத்திக்கா இவ்ளோ சிரிப்பு?” என்றாள் ஒருத்தி.

“மூக்குத்தி என்னடி மூக்குத்தி! எங்க சார் ஒரு தடவ தூசின்னு நெனச்சு கார்த்திகை தீபத்தையே அணைச்சுட்டாரு.”

அவர்கள் நம்பவில்லை. மலைமேல் எரியும் தீபத்தைத் தேரடித் தெருவில் இருந்த ஒரு போட்டோக்காரர் அணைத்தாரா என்று அவர்களும் சிரித்தார்கள். எழுதிக் கொடுங்கள், போட்டோகிராபர்கள் சங்க மலரில் போடச் சொல்கிறோம் என்றார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஸ்டூடியோ தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. ஓனர் சபாபதி சார். கேமரா பிடிப்பவரும் அவர்தான், இருட்டறையில் பிரிண்ட் போடுபவரும் அவர்தான். அவர் மனைவி கமலா அக்கா முன்பக்கம் கவுண்டரைப் பார்த்துக்கொள்வார். வருகிறவர்களுக்குப் பவுடர் பூசித் தலை வாரி விடுவார், நடுவில் சாரையும் அதட்டுவார். நான் வேலை கற்றுக்கொண்ட கதையை நீட்ட மாட்டேன். குப்பைக்குப் போன பிரிண்டுகளில் புள்ளி வைத்துப் புள்ளி வைத்தே பழகினேன், அவ்வளவுதான்.

சார் நடப்பதைப் பார்க்க வேண்டும். பூனை தோற்றுவிடும். வேகமாக நடந்தால் காற்று அசையுமாம், காற்று அசைந்தால் தூசி எழும்புமாம். அக்னி நட்சத்திரத்தில்கூட ஃபேன் கிடையாது. காலையில் துடைப்பம் தொடக் கூடாது, ஈரத் துணிதான். கால் கழுவாமல் யாரும் வாசல் தாண்டக் கூடாது. புதுப் புடவையில் பஞ்சு பறக்கும் என்று தீபாவளிக்கு மறுநாள்கூட என்னைப் பழைய புடவையில் வரச் சொன்ன புண்ணியவான் அவர். “புதுசு ரோட்டுல கட்டிக்கோம்மா, ஊரே பாக்கும். இருட்டுல யாரு பாக்கப் போறா?” என்பார். நியாயமான பேச்சுதான், வயிற்றெரிச்சல் அடங்கத்தான் நேரமாகும்.

எல்லாவற்றையும்விட ஒரு சட்டம் இருந்தது. திருநீறு பூசிக்கொண்டு உள்ளே வரக் கூடாது! எந்த ஊரில்? திருவண்ணாமலையில்! சார் சாமி இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை. விடியும்போதே குளித்துக் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு வருவார். ஸ்டூடியோ வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் பட்டையைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். “அண்ணாமலையாரு பெரியவரு, கோச்சுக்க மாட்டாரு. நெகடிவ் கோச்சுக்கும்” என்பார். எங்கள் ஊரில் பிரிண்டைக் கெடுத்த தூசியில் பாதி திருநீறுதான் என்பது அவர் கட்சி. லென்சை வைத்துப் பார்த்து, இது திருநீறு, இது பஞ்சு, இது பஸ் ஸ்டாண்ட் மண் என்று பிரித்துச் சொல்லிவிடுவார். ஒருநாள் ஒரு கல்யாண குரூப் போட்டோவில் மாப்பிள்ளை தோளில் ஒரு வளைந்த கோடு. லென்சை வைத்தார். “கமலா! இது உன் முடி!” என்று உள்ளிருந்து கத்தினார். அக்கா வெளியிலிருந்து, “அப்படியே வெச்சுக்கோங்க, கொட்டுறது ஜாஸ்தியாயிடுச்சு, ஞாபகத்துக்கு இருக்கட்டும்” என்றார்.

நெகடிவில் கீறல் விழுந்தால் அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. மூக்கின் ஓரத்தில் விரலைத் தேய்த்து, அந்த எண்ணெயைக் கீறல்மேல் மெல்லத் தடவினால், பிரிண்டில் கீறல் தெரியாது. ஊரெல்லாம் போட்டோக்காரர்கள் செய்வதுதான். இந்த விஷயத்தில் எனக்குத் தனி மரியாதை. “மல்லிகாவக் கூப்பிடு, அவ மூக்கு எண்ணெய்தான் சுத்தம்” என்பார் சார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு மூக்குக்குத்தான்.

பிரிண்டில் வரும் புள்ளிகள் இரண்டு சாதி. நெகடிவின்மேல் தூசி உட்கார்ந்தால் அது வெளிச்சத்தை மறைக்கும், பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழும். அதை மெல்லிய பிரஷ்ஷால் மை தொட்டு மூட வேண்டும். கேமராவுக்குள்ளேயே தூசி இருந்துவிட்டால் பிரிண்டில் கறுப்புப் புள்ளி வரும். அதை மையால் ஒன்றும் செய்ய முடியாது. உடைத்த பிளேடின் முனையால் நகத்தைக் கீறுவதைவிட மெதுவாகச் சுரண்ட வேண்டும். சுரண்டச் சுரண்டக் கறுப்பு போய்க் காகிதத்தின் வெள்ளை மேலே வரும். கொஞ்சம் அழுத்திவிட்டால் காகிதம் பஞ்சு பஞ்சாகக் கிழியும், அவ்வளவுதான், முகத்தில் ஓட்டை! ஒரு காலேஜ் பெண்ணின் படத்தில் இப்படி மோவாயில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. நான் பிளேடை எடுத்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, விட்டுடுங்க, எனக்கு நல்லாருக்கு!” அன்றிலிருந்து கண்மையால் அதே இடத்தில் மச்சம் வைத்துக்கொண்டுதான் ஊர் சுற்றினாள்.

பிரஷ்ஷை நாக்கில் வைத்து நுனி கூர்மையாக்குவது எங்கள் பழக்கம். அதனால் என் நாக்கு எப்போதும் கறுப்பு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா என் நாக்கைப் பார்த்துவிட்டார். கருநாக்குக்காரி, சொன்னது பலித்துவிடும் என்று அந்த அம்மாவுக்கு ஒரே பயம். கல்யாணம் நடந்தது, கடைசி வரைக்கும் என் மாமியார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இனி தீபத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி. ரைஸ் மில் வைத்திருந்த துரைசாமி முதலாளி எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். திறப்பு விழா தை மாதம். மண்டப வாசலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆளைவிட உயரமாக ஒரு படம் வேண்டும், மலையும் மகாதீபமும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மெட்ராஸ் ஸ்டூடியோக்காரர்களைக் கூப்பிடப் போகிறேன் என்று அவர் எங்கள் சாரிடமே சொன்னார். சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

“முதலாளி, நம்ம மலையப் படம் புடிக்க மெட்ராஸ்காரன் எதுக்குங்க? நான் புடிக்கறேன். சரியில்லன்னா இந்த ஊர்ல கேமராவத் தொட மாட்டேன். போதுமா?”

“பெரிய பேச்சு பேசற சபாபதி. பாத்துக்கறேன்” என்று முதலாளி துண்டை உதறிக்கொண்டு போனார்.

அவர் போனதும் அக்கா, “கேமராவத் தொடாம வேற இன்னா தொடுவீங்க, தோச சுடுவீங்களா?” என்று கேட்டார். சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள். தவறிப்போனால் நிஜமாகவே ஸ்டூடியோவை மூடிவிடுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று மழை மேகம். ஒரு சத்திரத்து மொட்டை மாடியில் சார் கேமராவை ஸ்டாண்டில் வைத்துக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. சுற்று வட்டாரத்து மாடி எல்லாம் ஜனம். பட்டினி விரதம் இருந்தவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், எல்லோரும் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திடீரென்று மேகம் விலகியது. உச்சியில் தீபம்! “அரோகரா!” என்று ஊரே கத்தியது, எல்லாக் கைகளும் தலைக்குமேல் போயின. சார் மட்டும் கும்பிடவில்லை. ஷட்டரைத் திறந்தார், மூடினார். அதற்குள் மேகம் மறுபடி மூடிவிட்டது. தேறியது அந்த ஒரே ஒரு நெகடிவ்.

என்ன நெகடிவ் அது! கீழே மாடி மாடியாகத் தூக்கிய கைகள். நடுவில் கோபுரம். மேலே கருத்த மலை, அதன் உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம். சிறிய பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு நாங்கள் மூவரும் குதித்தோம். சார்கூட ஒரே ஒரு தடவை, தூசி எழும்பாமல், குதித்தார்.

அவ்வளவு பெரிய படத்துக்கு எங்கள் இருட்டறை போதாது. படம் எடுக்கும் ஹாலையே இருட்டாக்கினோம். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரைப் படுக்க வைத்து, எதிர்ச் சுவரில் பெரிய பேப்பரை ஊசி குத்தி நிறுத்தி, அதன்மேல் வெளிச்சத்தை விட்டோம். கழுவ அவ்வளவு பெரிய தட்டு ஏது? தரையில் பிளாஸ்டிக் விரித்து, பேப்பரைப் போட்டு, ஸ்பாஞ்சில் மருந்தைத் தொட்டுத் தொட்டு நானும் சாரும் மண்டி போட்டுத் தேய்த்தோம். சிவப்பு விளக்கில் மலை மெல்ல எழுந்து வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மெட்ராசிலிருந்து வந்த பேப்பரில் முதல் துண்டு கிழிந்து வீணாகிவிட்டதால் இதுதான் கடைசித் துண்டு. நல்ல வேளை, நன்றாக வந்துவிட்டது.

ஒரே ஒரு கெடுதல். ஹாலின் ஜன்னல்களை மூடுவதற்குக் கம்பளி தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. வாழ்நாள் முழுக்கக் கம்பளியை வாசல்படி ஏற விடாத மனிதர், அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். கம்பளி சும்மா இருக்குமா? படம் காய்ந்ததும் பார்த்தால், வானத்திலும் மலையிலும் ரவை தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள்! சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்தார்.

“மல்லிகா, கைகளும் கோபுரமும் நீ பாத்துக்கோ. மலையும் வானமும் நான். ஒரு புள்ளி விடக் கூடாது.”

படம் தரையில் விரிந்து கிடந்தது. அதன்மேல் மிதிக்க முடியாது என்பதால் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மேலே ஒரு பலகை போட்டு, சார் அதில் குப்புறப் படுத்துக்கொண்டார். நான் படத்தின் கால்மாட்டில், அவர் தலைமாட்டில். என் பக்கம் படம் நேராக இருந்தது, அவர் பக்கம் தலைகீழ். வானத்திலிருந்து ஆரம்பித்து மலையில் இறங்கினார். லென்ஸ் ஒரு கையில், பிரஷ் ஒரு கையில், நாக்கு வெளியே. ஒரு புள்ளி, ஒரு நக்கு, ஒரு புள்ளி, ஒரு நக்கு. இவ்வளவு தூசியைச் சார் ஜன்மத்தில் பார்த்ததில்லை. கோபமா சந்தோஷமா என்று தெரியாத ஒரு வெறி. “வாடி வா, உன்னையும் தூக்கிட்டேன்” என்று புள்ளிகளோடு பேசிக்கொண்டே போனார். நான் குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறப்பு விழா அன்று மதியம் வேலை முடிந்தது. மாலை விழா. படத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்து நிறுத்தினோம். கமலா அக்கா சாப்பாட்டுத் தூக்குடன் வந்து எட்டிப் பார்த்தார்.

“அடேயப்பா! ஜோரா இருக்குதுங்க. ஆமா, எல்லாரும் எதப் பாத்துக் கும்புடறாங்க?”

நாங்கள் பார்த்தோம். மாடி மாடியாக நூற்றுக்கணக்கான கைகள் தலைக்குமேல். எதிரே மலை. உச்சியில் ஒன்றுமே இல்லை. மொத்த ஊரும் இருட்டைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது!

சார் லென்சை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆமாம், ஓடினார்! நான் சேர்ந்த நாள் முதல் அவர் ஓடிப் பார்த்ததே அன்றுதான். உச்சியில் லென்சை வைத்தார். அங்கே மை அழகாக, அவ்வளவு நேர்த்தியாக மூடியிருந்தது. ஒரு துவரம்பருப்பு அளவு தீபத்தைத் தூசியோடு தூசியாக அணைத்துவிட்டிருந்தார்.

“அணைச்சுட்டேனே! நானே அணைச்சுட்டேனே, அண்ணாமலையாரே!” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை. சார் மட்டும் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். சட்டென்று எங்கள் சிரிப்பு நின்றது. அவர் சும்மா வருத்தப்படவில்லை. கேமராவைத் தொட மாட்டேன் என்று அவர் சொன்ன சொல் எனக்கு ஞாபகம் வந்தது.

“விடுங்க சார், ஈரப் பஞ்சால துடைச்சுப் பாக்கலாம்” என்றேன். பார்த்தோம். மை காகிதத்துக்குள் இறங்கிவிட்டது, ஒரு துளி சாம்பல் நிறம்தான் மேலே வந்தது. காய விட்டேன். பிளேடை உடைத்தேன். “சுரண்டிடறேன் சார். வெள்ளை வந்துடும். அதே எடம், அதே அளவு. யாருக்கும் தெரியாது.”

பிளேடைப் படத்தருகே கொண்டு போனேன். சார் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“நீ ஏத்தக் கூடாதும்மா.”

“என்னாது?”

“நீயும் ஏத்தக் கூடாது, நானும் ஏத்தக் கூடாது. தீபம் ஏத்தறதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க. அவங்க கைதான் படணும்.”

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மலைமேல் மகாதீபம் ஏற்றும் உரிமை பர்வத ராஜ குலத்தாருடையது. பரம்பரை பரம்பரையாக அவர்கள்தான் கொப்பரையையும் நெய்யையும் திரித்துணியையும் மேலே கொண்டுபோய் ஏற்றுகிறார்கள். வேறு யாரும் தொடுவதில்லை.

அக்கா இடுப்பில் கை வைத்தார். “இன்னாங்க இது கூத்து! அது மல. இது காய்தம்!”

“ஊரு இதப் பாத்துக் கும்புடப் போவுதா இல்லயா? அப்ப இதுவும் மலதான். தூசி தூசின்னு ஆடினேன், அணைச்சுட்டேன். இத நானே ஒக்காந்து கள்ளத்தனமா ஏத்தினா எனக்கு ராத்திரி தூக்கம் வராது கமலா. உரிமப்பட்டவங்க ஏத்தட்டும். இல்லன்னா படம் போகாது. முதலாளிகிட்ட உண்மையச் சொல்லிட்டு ஸ்டூடியோவ மூடிடறேன்.”

சொன்னால் செய்துவிடுவார். அக்காவுக்குச் சிரிப்பு போய்விட்டது. “மல்லிகா, செருப்பப் போடு” என்றார்.

நாங்கள் ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்தோம். அந்தக் குலத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் ஏகாம்பரம் அண்ணன். ஏரியில் மீன் குத்தகை எடுப்பவர், அவர் மகள் கல்யாணப் படங்களுக்கு நான்தான் டச்சிங் செய்தேன். அந்த வருஷம் தீபம் ஏற்றிய முறைக்காரர்களில் அவரும் ஒருவர். வீட்டு வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

“அண்ணா, தீபம் அணைஞ்சுடுச்சு. சீக்கிரம் வந்து ஏத்துங்க!”

அவர் எழுந்து மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இது தை மாசம்மா. இன்னா, வெய்யில்ல வந்தியா?”

விஷயத்தைச் சொன்னோம். நடுவில் அக்கா சிரித்துவிட்டார், நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வலையைக் கீழே வைத்தார்.

“சபாபதி சாரா அப்படிச் சொன்னாரு? நாங்கதான் ஏத்தணும்னு?”

“ஆமாண்ணா.”

“இருங்க, குளிச்சுட்டு வந்துடறேன்.”

“அண்ணா, நேரமில்ல, காய்தத்துலதான...”

“காய்தமோ மலையோ, குளிக்காம நான் எப்பம்மா ஏத்தியிருக்கேன்?” என்று கிணற்றடிக்குப் போய்விட்டார். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். எனக்கும் அக்காவுக்கும் ஒரே நேரத்தில் திக்கென்றது. திருநீறு! ஸ்டூடியோ வாசலில் சார் நின்றிருந்தார். ஏகாம்பரம் அண்ணன் நெற்றியைப் பார்த்தார். ஈரத் துணியை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கையைக் கூப்பி, “வாங்க” என்று ஒதுங்கி வழி விட்டார்.

ஆனால் பிளேடு பிடிக்கத் தெரிய வேண்டுமே! குப்பைக் கூடையிலிருந்து வீணான பிரிண்டுகளை எடுத்துக் கொடுத்தேன். முதல் படத்தில் ஒரு தாசில்தார் நெற்றியில் ஓட்டை விழுந்தது. இரண்டாவதில் ஒரு மாப்பிள்ளையின் மூக்கு போனது. “அழுத்தாதீங்கண்ணா, குழந்தைக்கு நகம் வெட்டற மாதிரி” என்றேன். வலை பின்னுகிற கை அல்லவா, பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு மணப்பெண்ணின் கறுப்புக் கொண்டையில் அழகாக ஒரு வெள்ளைப் பொட்டு ஏற்றிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் சத்தம். முதலாளியே படத்தை எடுத்துப் போக வந்துவிட்டார்! சார் முகம் வெளிறிவிட்டது. அக்கா எழுந்தார், புடவையைச் சரி செய்துகொண்டார், முன்பக்கம் போனார்.

“வாங்க முதலாளி! இன்னிக்கி உங்கள போட்டோ புடிக்காம விட்டா நாங்க எதுக்கு ஸ்டூடியோ வெச்சிருக்கோம்? உக்காருங்க. பவுடர் போடறேன்.”

நாங்கள் உள்ளே இருந்து கேட்டோம். “தலையக் கொஞ்சம் தூக்குங்க. இல்ல, எறக்குங்க. இப்ப மீச ஒரு பக்கம் சாஞ்சுடுச்சு.” அக்கா, ஹாலிலிருந்து முன்பக்கம் நகர்த்தி வைத்திருந்த கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிளிக் கிளிக் என்று படம் எடுத்தார். அந்தக் கேமராவில் ஃபிலிமே இல்லை. முதலாளி மெய்யாகவே மகிழ்ந்து போய், “வேட்டி மடிச்சுக் கட்டின மாதிரி ஒண்ணு எடுக்கலாமாம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

உள்ளே ஏகாம்பரம் அண்ணன் படத்துக்கு முன்னால் ஸ்டூலில் ஏறினார். சிறிய பிரிண்டை வைத்துப் பார்த்து, தீபம் இருந்த இடத்தை நான் பென்சிலால் லேசாகத் தொட்டுக் காட்டினேன். அவர் பிளேடை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இது கடைசிப் பேப்பர். கை ஒரு இழை வழுக்கினால் மலை உச்சியில் ஓட்டை, அதோடு சார் கதை முடிந்தது. சார் மூச்சு விடவில்லை.

அண்ணன் சுரண்டினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. கறுப்பு, அடர்ந்த சாம்பல் ஆனது. அடர்ந்த சாம்பல், இளஞ்சாம்பல் ஆனது. பொடி உதிர்ந்தது. இன்னும் ஒரு தடவை. வெள்ளை!

“அரோகரா!” என்று சார் கத்தினார். முன்பக்கத்திலிருந்து முதலாளியும், எதற்கென்றே தெரியாமல், “அரோகரா!” என்றார். பழக்கம்!

நான் ஏகாம்பரம் அண்ணனைக் கைகொடுத்து ஸ்டூலிலிருந்து இறக்கினேன். “நாலு அடி பின்னால வந்து பாருங்கண்ணா, கிட்ட நின்னா தெரியாது” என்றேன்.

அவர் பின்னால் வந்தார், திரும்பினார், பார்த்தார். அதுவரை குப்பைப் பிரிண்டுகளையும் அந்தப் பொட்டையும் தவிர அவர் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போதுதான் முழுப் படமும் தெரிந்தது. மலை, கோபுரம், கீழே மாடி மாடியாகக் கைகள். அவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

“இது இன்னாம்மா, இத்தினி கை?”

“தீபம் தெரிஞ்சதும் ஊரே கும்புட்டாங்கண்ணா. அன்னிக்கி அப்ப எடுத்தது.”

“இப்படியா இருக்கும்?” என்றார். குரல் இறங்கிவிட்டது. “மறுநாள், மூணாம் நாளுல்லாம் கீழேர்ந்து தீபம் பாத்திருக்கேம்மா. ஆனா அன்னிக்கி, அந்த நிமிசம், நான் பாத்ததே இல்ல. சின்ன வயசுலேர்ந்து எங்கப்பா கூட மேல போயிடுவேன். மொகத்துல அனல் அடிக்கும், பொக கண்ணக் கட்டும். கீழேர்ந்து ஒரு சத்தம் மட்டும் வரும். ஜனங்க கத்தறாங்கன்னு தெரியும். இத்தினி கைன்னு தெரியாதும்மா.”

அவர் படத்தில் ஒவ்வொரு மாடியாகப் பார்த்தார். தோள்மேல் குழந்தையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையைத் தூக்கியிருந்த ஒரு ஆள்மேல் அவர் கண் நின்றது. அங்கேயே ரொம்ப நேரம் நின்றது. அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியாது.

முதலாளி பொறுமை இழந்து, பவுடர் முகத்தோடு உள்ளே வந்துவிட்டார். அக்கா பின்னாலேயே ஓடி வந்தார். முதலாளி படத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. “சபாபதி! ஜெயிச்சுட்டய்யா!” என்று சாரின் முதுகில் ஓங்கித் தட்டினார். “டேய், வாங்கடா, தூக்குங்க, நேரமாச்சு!” என்று வேனிலிருந்த ஆட்களைக் கூப்பிட்டார்.

சார் கையை நீட்டி அவர்களை வாசலிலேயே நிறுத்தினார். பாராட்டு அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அவர் ஏகாம்பரம் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் இருங்க முதலாளி” என்றார். “அவரு இப்பதான் மொத மொதல்ல தீபம் பாக்கறாரு.”

முதலாளி ஏகாம்பரம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். மலைமேல் தீபம் ஏற்றுகிறவர் என்று அவருக்குத் தெரியும். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அண்ணன் பக்கத்தில் போய் நின்றார்.